சரிபார்க்க இரண்டாவது ஆள் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மத்திய அரசுப் பணிகளுக்கு ஆள் எடுக்கும் எஸ்.எஸ்.சி.யின் டேட்டா என்ட்ரி பணிக்கான திறன் தேர்வில் மணிக்கு 8,000 கீ டிப்ரஷன் (விசை அழுத்தம்) வேகம் கேட்கிறார்கள். கேட்கட்டும். ஆனால் அடித்ததை இன்னொருவர் சரிபார்க்கும் வேலை என்னவாயிற்று? தகவலை அட்டையில் துளைகளாகப் பதிந்து கணினிக்குக் கொடுத்த பஞ்ச் கார்டு காலத்தில் அதற்குத் தனி இயந்திரமும் தனி ஆளும் உண்டு.

கார்டில் 80 பத்தி (நெடுவரிசை), 12 வரிசை. ஒரு பத்தியில் ஒரு இலக்கமோ ஒரு எழுத்தோ. இலக்கத்துக்கு ஒரு துளை, எழுத்துக்கு இரண்டு. ஐ.பி.எம். 029 என்ற துளையிடும் இயந்திரத்தில் ஒருவர் துளையிட்ட கார்டுக் கட்டு, அவர் பார்த்து அடித்த அதே படிவங்களோடு 059 என்ற வெரிஃபையருக்கு, அதாவது சரிபார்க்கும் இயந்திரத்துக்குப் போகும். அங்கே வேறொருவர் படிவத்தைப் பார்த்து மறுபடி அடிப்பார். இந்த இயந்திரம் துளை போடாது. இருக்கும் துளையோடு ஒப்பிடும். பொருந்தாவிட்டால் சிவப்பு விளக்கு எரியும், விசைப்பலகை பூட்டிக்கொள்ளும். மூன்றாம் முறையும் பொருந்தவில்லை என்றால், அந்தப் பத்திக்கு நேர் மேலே கார்டின் விளிம்பில் ஒரு வெட்டு விழும். முழுதும் சரியான கார்டுக்கு வலது ஓரத்தில் வெட்டு. கட்டைத் தட்டி அடுக்கிப் பக்கவாட்டில் பார்த்தால் ஓர வெட்டுகள் வாய்க்கால் போல நேராகத் தெரியும். வாய்க்கால் எங்கே அடைபட்டிருக்கிறதோ அதுதான் பிழைக் கார்டு. செலவைக் குறைக்க முகவரியை விட்டுவிட்டு, கணக்கு எண்ணையும் தொகையையும் மட்டும் சரிபார்த்த இடங்களும் உண்டு.

இதற்கும் தப்பும் பிழைகள் இருந்தன. கிறுக்கலான 1ஐ இருவருமே 7 என்று படித்தால் வெரிஃபையர் வாய் திறக்காது. அதற்குத்தான் கட்டுத் தொகை: படிவக் கட்டு பஞ்ச் அறைக்கு வருமுன்பே தொகைகளைக் கூட்டி மேல்தாளில் எழுதிவிடுவார்கள். கார்டுகளின் கூட்டுத்தொகை அதோடு ஒத்துப்போக வேண்டும். வித்தியாசம் 9ஆல் வகுபட்டால், 54ஐ 45 என்று இலக்கம் மாற்றி அடித்திருக்கிறார்களா என்று முதலில் தேடுவது வழக்கம். தொகைக்கு மட்டுமல்ல, கணக்கு எண்களையும் இப்படிக் கூட்டுவார்கள். அந்தக் கூட்டுத்தொகைக்கு வேறு பொருளே கிடையாது. ஏதாவது எண் மாறினாலோ, படிவம் விடுபட்டாலோ காட்டிக்கொடுக்கும், அவ்வளவுதான்.

மழைக்காலத்தில் ஈரம் ஏறிய கார்டு உப்பி, கார்டைப் படிக்கும் ரீடரில் சிக்கும். அந்தத் தொல்லை ஒழிந்ததற்கு யாரும் வருந்தப்போவதில்லை. வெரிஃபையரும் சேர்ந்து ஒழிந்ததுதான் நஷ்டம். இன்று இணையப் படிவங்களில் வங்கிக் கணக்கு எண்ணை இரண்டு முறை கேட்கிறார்களே, அது இதன் மிச்சம்தான். ஆனால் இரண்டு முறையும் அடிப்பது ஒரே கை. தன் பிழை தன் கண்ணுக்குப் படாது. முதல் கட்டத்தில் இருப்பதை அப்படியே நகலெடுத்து ஒட்டிவிட்டால் சரிபார்ப்பே இல்லை.

பழைய பதிவேடுகளைக் கணினியில் ஏற்றும் அலுவலகங்கள் எல்லாவற்றையும் இரண்டு முறை அடிக்க வேண்டாம். பெயர், பிறந்த தேதி, சர்வே எண் ஆகிய மூன்றை மட்டுமாவது, முதலில் அடித்தது திரையில் தெரியாதபடி, இரண்டாவது ஆள் காகிதத்தைப் பார்த்து அடிக்கட்டும். ஒப்பிடுவதைக் கணினி செய்துகொள்ளும்.

– ஒரு வாசகர், சென்னை