கன்னியாஸ்திரிகள் ஏன் கடை கடையாக வருகிறார்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு இதழில் கொழும்புப் புறக்கோட்டை வியாபாரி ஒருவர் எழுதிய கடிதத்தைப் படித்தேன். நன்கொடை கேட்டுக் கடைக்கு வருகிறவர்கள் பெருகிவிட்டார்கள், யார் உண்மை யார் பொய் என்று தெரியவில்லை என்கிறார். நியாயமான முறைப்பாடு. ஆனால் அந்தப் பட்டியலில் மருதானை முதியோர் இல்லத்துக் கன்னியாஸ்திரிகளையும் சேர்த்து, "உலகம் முழுக்க இருக்கிற சபை, பணத்துக்குக் குறைவா, இவர்கள் ஏன் வெங்காயத்துக்கு வந்து நிற்கவேண்டும்?" என்று கேட்டிருந்தார். அதைப் படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. அவருக்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நான் சைவன். புங்குடுதீவில் பிறந்தவன். 1976 இல், பத்தொன்பது வயதில், நான்காம் குறுக்குத் தெருவில் ஒரு மொத்த வியாபாரக் கடைக்குக் கணக்கெழுத வந்தேன். 38 வருடம் அதே கடை, அதே மேசை. மாதம் ஒருமுறை அந்த இல்லத்திலிருந்து ஒரு வான் வரும். வெள்ளை உடுப்பில் இரண்டு சகோதரிகள் இறங்குவார்கள். லொறியில் சாமான் இறங்கிக்கொண்டிருந்தால் ஒரு ஓரமாக நிற்பார்கள், மூட்டை சுமக்கிற நாட்டாமிமாருக்கு இடைஞ்சல் இல்லாமல். இவ்வளவு தாருங்கள் என்று அவர்கள் கேட்டு நான் கண்டதில்லை. முதலாளி கையைக் காட்டுவார், பையன் வெங்காயத்தையோ பருப்பையோ நிறுத்துக் கொடுப்பான், நான் தருமக் கணக்கில் "மருதானை மடம்" என்று எழுதுவேன். 83 யூலைக் கலவரத்தில் எங்கள் கடையும் எரிந்தது. திரும்பத் திறந்த முதல் மாதம் அவர்கள் வந்தபோது தட்டில் பாதிக்கு மேல் வெறுமையாக இருந்தது. அன்றைக்கு அவர்கள் எங்களை விசாரிக்கத்தான் வந்தார்கள். "ஊரில் எல்லோரும் சுகமா?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பப் பார்த்தார்கள். முதலாளி விடவில்லை, ஒரு சின்னப் பை செத்தல் மிளகாயாவது கொண்டுபோங்கள் என்று வானுக்குள் வைத்துவிட்டார்.

சரி, அந்த வியாபாரியின் கேள்விக்கு வருகிறேன். அவர்கள் ஏன் வருகிறார்கள்?

இந்தச் சபைக்கு ஏழைகளின் சிறிய சகோதரிகள் என்று பெயர். 1888 முதல் கொழும்பில் இருக்கிறார்கள். சபையைத் தொடங்கியவர் ழான் ஜுகான் என்ற பிரெஞ்சுப் பெண். 1865 இல் ஒருவர் அந்தச் சபைக்கு வருடாவருடம் நிரந்தரமாகப் பணம் வரும்படி ஒரு சொத்தை எழுதிவைக்க முன்வந்தார். வாங்குவதா விடுவதா என்று சபையில் பேச்சு. அப்போது ழான் ஜுகான் எந்தப் பதவியிலும் இல்லை, மூலையில் ஒதுக்கிவைக்கப்பட்டிருந்தார். அவரையும் கூப்பிட்டுக் கேட்டார்கள். வேண்டாம் என்றார். நிரந்தர வருமானம் வேண்டாம், கடவுளை நம்பி, மக்கள் கொடுப்பதை வைத்து நடத்துவோம் என்றார். சபை அதை ஏற்றுக்கொண்டது. அதனால்தான் இன்றைக்கும் வான் வருகிறது. வட்டியில் உட்கார்ந்து சாப்பிடக்கூடாது என்று தாங்களாகவே போட்டுக்கொண்ட கட்டுப்பாடு அது. நாற்பது வருடம் பேரேட்டோடு பழகிய எனக்கு இது லேசான விஷயமாகப் படவில்லை. கையிருப்பு இல்லாத கடையை ஒரு மாதம் நடத்திப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இதெல்லாம் எனக்குத் தெரிந்தது ஒரு நாட்டாமியால்.

எங்கள் கடையில் மூட்டை சுமந்த ஒரு பெரியவர், மலையகத்திலிருந்து சின்ன வயதில் இறங்கி வந்தவர். கலியாணம் இல்லை, உறவென்று தேடி வந்த ஒருவரையும் நான் கண்டதில்லை. படுக்கை கடையின் பின்பக்கத்துச் சாக்கு அடுக்கில். 98 இல் அவருக்கு இடுப்பு விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் மூன்று கிழமை வைத்திருந்து, இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று அனுப்பினார்கள். எந்த வீட்டில்? நானும் இன்னொருவரும் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு மருதானைக்குப் போனோம். மதம் கேட்பார்களோ, பணம் கேட்பார்களோ என்று வழியெல்லாம் யோசனை. வாசலுக்கு வந்த சகோதரி குனிந்து, ஓட்டோவுக்குள் சாய்ந்து கிடந்தவரிடம், "ஐயா, உங்களுக்குப் பால் தேத்தண்ணியா, பிளேன்டீயா?" என்று கேட்டார். அவர் என்னைப் பார்த்தார். அவரிடம் அப்படி ஒருவர் கேட்டு எத்தனை வருடமோ. பிளேன்டீ, சீனி கூட, என்று கடைசியில் நான்தான் சொன்னேன்.

அங்கே அவர் நான்கு வருடம் இருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் பார்ப்பேன். துவைத்த சாரம், சவரம் செய்த முகம், தலைமாட்டில் அவருடைய முருகன் படம். படத்தை எடுக்கச்சொல்லி யாரும் சொல்லவில்லை. கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல் என்று கத்தோலிக்கத் துறவிகள் வழக்கமாக எடுக்கிற வாக்குறுதிகளோடு, விருந்தோம்பல் என்று நான்காவதாக ஒன்றும் இந்தச் சகோதரிகள் எடுக்கிறார்கள் என்று பிறகுதான் அறிந்தேன். நமக்கு விருந்தோம்பல் என்றால் பாடப் புத்தகத்து அதிகாரம். அங்கே அதைக் கையில் சோப்பும் துவாயுமாகக் கண்டேன்.

அந்த நாட்களில் ஒரு சகோதரி எனக்கு ஆங்கிலத்தில் ஒரு சின்னப் புத்தகம் தந்தார். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டு மாதம் படித்தேன். ழான் ஜுகான் 1792 இல் பிரான்சின் பிரிட்டனிக் கரையில் கன்கால் என்ற மீன்பிடி ஊரில் பிறந்தவர். நாலு வயது ஆகுமுன் தகப்பன் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. தீவில் பிறந்த எங்களுக்கு இந்த வரியை விளக்கத் தேவையில்லை. பதினாறு வயதில் ஒரு பெரிய வீட்டுக்குச் சமையல் வேலைக்குப் போனார். பிறகு ஆஸ்பத்திரியில் வேலை, அப்புறம் திரும்பவும் வீட்டு வேலை. மாலுமி ஒருவர் பெண் கேட்டு வந்தபோது மறுத்துவிட்டார். 1839 குளிர்காலத்தில், 47 வயதில், கண் தெரியாத, ஒரு பக்கம் விழுந்துபோன அன் ஷோவேன் என்ற விதவையைத் தன் வீட்டுக்குக் கொண்டுவந்து தன் கட்டிலில் படுக்கவைத்துவிட்டு, தான் மேல்மாடத்தில் போய்ப் படுத்தார். சபையின் ஆரம்பம் அந்த ஒரு கட்டில்தான்.

கையேந்தியதும் அப்படி ஒரு தேவையில்தான். வந்து சேர்ந்த கிழவிகளில் பலர் அதுவரை தெருவில் பிச்சை எடுத்துப் பிழைத்தவர்கள். அவர்களைத் திரும்பத் தெருவுக்கு அனுப்பக்கூடாது என்று, கூடையைத் தூக்கிக்கொண்டு அவர்களுக்குப் பதிலாகத் தானே போனார். எந்த வீட்டில் வழக்கமாகக் கொடுப்பார்கள் என்று கிழவிகளிடமே கேட்டுக்கொண்டு போனார். ஒரு வீட்டில் ஒருவர் கன்னத்தில் அறைந்தாராம். "இது எனக்கு. என் ஏழைகளுக்கும் ஏதாவது தாருங்கள்" என்றாராம்.

1845 இல் பிரெஞ்சு அக்கடமி அவருக்கு நற்செயலுக்கான மொன்தியோன் பரிசு கொடுத்தது. ஆனால் அதற்கு முன்பே அவருடைய இடம் பறிபோயிருந்தது. 1843 டிசம்பரில் சகோதரிகள் அவரைத் தலைவியாகத் திரும்பவும் தெரிவுசெய்தார்கள். ஏறத்தாழ இரண்டு கிழமையில் அந்தச் சபையை வழிநடத்திய குரு லெ பையர் அதை ரத்துச்செய்து, 23 வயதான மரி ஜாமேயைத் தலைவியாக்கினார். பின்னாளில் சபையைத் தொடங்கியவர் தாமே என்று அந்தக் குரு சொல்லிக்கொண்டார். 1852 இல் ழான் ஜுகானைத் தலைமை மடத்துக்கு அழைத்தார்கள். 27 வருடம் அங்கே புதுமுகச் சகோதரிகளோடு, சிலுவையின் மரியாள் என்ற துறவுப் பெயரோடு இருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து பழகிய பிள்ளைகளுக்கு, இந்தச் சபையே இந்தக் கிழவியின் கையால் பிறந்தது என்று தெரியாது. 1879 ஓகஸ்ட் 29 இல் இறந்தபோது அவருக்கு 86 வயது, சபையில் ஏறத்தாழ 2,400 சகோதரிகள். 1890 இல்தான் ரோமாபுரி அந்தக் குருவைப் பொறுப்பிலிருந்து விலக்கியது. 2009 இல் பாப்பரசர் 16ஆம் பெனடிக்ட் ழான் ஜுகானைப் புனிதராக அறிவித்தார்.

அந்த 27 வருடத்தை வாசித்த இரவு எனக்குச் சரியாக நித்திரை வரவில்லை. நானாயிருந்தால் பெட்டிசம் எழுதிக்கொண்டே செத்திருப்பேன்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். நான் வேலையிலிருந்து நிற்கிற வருடம், எங்கள் தெருவிலேயே ஒரு கடையில் அந்தச் சகோதரிகளுக்கு அழுகின வெங்காய மூட்டை ஒன்றைத் தள்ளிவிட்டு, "இதைக் கொண்டுபோங்கோ, உங்களுக்கென்ன வெளிநாட்டுக் காசு வருதுதானே" என்றார்கள். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. அந்தச் சகோதரி மூட்டையை வாங்கி, நன்றி சொல்லி, வானின் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அங்கேயே இருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தார். நாலில் ஒரு பங்கு தேறியது. தேறாததைக் கூட்டி அள்ளி, குப்பைக்குப் போடும் இடத்தைக் கேட்டுப் போட்டுவிட்டுப் போனார். அன்றைக்கு நான் மேசையை விட்டு எழும்பிப் போய் ஒரு வார்த்தை பேசவில்லை. வியாபாரத் தெருவில் பக்கத்துக் கடையைப் பகைக்கக்கூடாது என்று இருந்துவிட்டேன். அது பிழை. இந்தக் கடிதத்தை அன்றைக்கே எழுதியிருக்க வேண்டும்.

ஆசிரியரிடமும் ஒரு வேண்டுகோள். ஓகஸ்ட் 30 அந்தப் புனிதையின் திருநாள். அன்னை தெரேசாவைப் பற்றி நம் பத்திரிகைகளில் வருடந்தோறும் வருகிறது, வரவும் வேண்டும். இந்தப் பெண்ணைப் பற்றித் தமிழில் அரைப் பக்கமாவது போடுங்கள். மருதானையில் இத்தனை வருடமாக நடக்கிற வேலைக்கு வேர் எங்கே என்று நம் பிள்ளைகளும் படிக்கட்டும்.

அந்த வியாபாரித் தம்பிக்கு: பொய்யாக வருகிறவர்களைத் திருப்பி அனுப்புங்கள், அது உங்கள் உரிமை. இவர்களைப் பற்றிச் சந்தேகம் என்றால் ஒரு நாள் கடையை மகனிடம் கொடுத்துவிட்டு மருதானைக்குப் போய்ப் பாருங்கள். புறக்கோட்டையிலிருந்து ஓட்டோவில் கொஞ்ச நேரம்தான். நீங்கள் கொடுத்த வெங்காயம் யாருடைய கறியில் கிடக்கிறது என்று பார்த்துவிட்டு வந்து, இதே பத்திரிகைக்கு எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை ஒருவர்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13.