வெள்ளைக் கோடு

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். மார்ச் 14, நதிகளுக்கான சர்வதேச நாளை ஒட்டி நீங்கள் வெளியிட்ட சிறப்புப் பக்கங்களை இரண்டு முறை படித்தேன். 1997இல் பிரேசிலின் குரிடிபா நகரில், அணைகளால் பாதிக்கப்பட்ட மக்கள் கூடி எடுத்த முடிவிலிருந்து இந்த நாள் பிறந்தது என்பதை அதில்தான் தெரிந்துகொண்டேன். அணைகள், கழிவுநீர், அழிந்துவரும் மீன்கள் எல்லாவற்றையும் அக்கறையோடு எழுதியிருந்தீர்கள். ஆனாலும் படித்து முடித்ததும் மனதில் ஒரு குறை தங்கிவிட்டது. ஆற்றின் மேலேயே பொழுதெல்லாம் நின்று, அதில் கிடைத்த கூலியில் பிள்ளைகளை ஆளாக்கியவர்கள் ஒருவர்கூட அந்தப் பக்கங்களில் இல்லை.

என் கணவர் அப்படிப்பட்டவர். 34 வருடம் ஆற்றில் வேலை செய்தார். போன வருடம் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அவரைப் பற்றி நாலு வரி எழுதலாம் என்று உட்கார்ந்தேன். நீண்டுவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கயிறு பிடிக்கிற பையனாகத்தான் படகில் ஏறினார். அப்புறம் ஆட்களை அக்கரை சேர்க்கும் படகில் சுக்கான் பிடித்தார். கடைசிப் பத்து வருடம் சரக்கு மிதவைகளை இழுக்கிற படகில் இருந்தார். எந்தப் படகுக்கு மாறினாலும் அவருடைய ஆழக்கோலும் கூடவே மாறும். ஓர் அடிக்கு ஒரு பட்டை என்று சிவப்பும் வெள்ளையுமாக அவரே வண்ணம் பூசிய நீளமான மூங்கில் கழி அது. படகின் முன்முனையான அணியத்தில் நின்று அதைத் தண்ணீரில் இறக்கி, தரை தட்டியதும் பட்டையை எண்ணிச் சொல்வார். கழி எட்டாத மடுவில் கயிற்றில் ஈயக்குண்டைக் கட்டி இறக்குவார்கள். அதை மேலே இழுக்கும்போது இரண்டு கையையும் விரித்து, கயிற்றை மார்போடு அளந்து, ‘ஒரு பாகம், இரண்டு பாகம்’ என்று எண்ணுவார். ஒரு பாகம் என்பது ஆறடி. மிசிசிப்பி ஆற்றில் நீராவிப் படகுகள் ஓடிய காலத்தில், இரண்டு பாகம் ஆழம் இருந்தால் ‘மார்க் ட்வைன்’ என்று கூவுவார்களாம். பன்னிரண்டு அடி தண்ணீர் இருக்கிறது, படகு தைரியமாகப் போகலாம் என்று அர்த்தம். பேத்தி இதைப் பாடத்தில் படித்து வந்து சொன்னபோது அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். எங்கேயோ உலகத்தின் அந்தப் பக்கத்தில் இருந்தவர்களும் தன்னைப் போலவே கையை விரித்து அளந்திருக்கிறார்கள் என்று அன்று முழுக்கச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

எனக்கு நீச்சல் தெரியாது. கல்யாணமான புதிதில் படகில் ஏறவே பயப்படுவேன். ஒருநாள் கையைப் பிடித்து ஏற்றி, பக்கத்தில் உட்கார வைத்து, தண்ணீரைப் படிக்கச் சொல்லிக் கொடுத்தார். நீர்மேல் அம்புமுனை மாதிரி ஒரு வடிவம் தெரியும். முனை ஓட்டத்தோடு கீழ்ப்பக்கம் பார்த்திருந்தால் அதன் நடுவில் வழி இருக்கிறது, போகலாம். ஓட்டத்தை எதிர்த்து மேல்பக்கம் பார்த்திருந்தால் அந்த இடத்தில் பாறையோ மரக்கட்டையோ மறைந்து கிடக்கிறது, ஒதுங்கிப் போக வேண்டும். ஆறு வளைகிற இடத்தில் வெளிவளைவு ஆழமாக இருக்கும், உள்வளைவில் மணல் சேரும். ‘பார்க்கத் தெரிஞ்சா அதுவே சொல்லிடும்’ என்பார். அன்றைக்கு ஒரே ஒரு அம்புமுனையை நானாகவே கண்டுபிடித்துக் காட்டினேன். பயம் அதோடு போகவில்லை, உண்மையைச் சொல்கிறேன். ஆனால் அதற்கப்புறம் அவர் வேலைக்குக் கிளம்பும்போது என் வயிற்றில் கல் விழுந்த மாதிரி இருப்பது குறைந்தது. அந்த மனிதர் எவ்வளவு உன்னிப்பாகப் பார்க்கிறார் என்பதை என் கண்ணால் பார்த்துவிட்டேன் அல்லவா?

அவருடைய பக்தியும் அப்படித்தான், சத்தமில்லாதது. விடியுமுன் எழுந்து, எங்கள் தூக்கம் கலையாமல், அடுத்த அறையில் முழங்கால் போட்டு ஜெபம் பண்ணுவார். ஆறுகளைக் கடக்கும்போதும் நான் உன்னோடு இருப்பேன் என்ற வாக்குத்தத்தத்தை மனப்பாடமாக வைத்திருந்தார். முதல் நடைக்குக் கயிற்றை அவிழ்க்குமுன் உதடு அசைய அதைச் சொல்லிக்கொள்வார். சொல்லி முடித்த கையோடு லைஃப் ஜாக்கெட்டை எடுத்து மாட்டுவார். ‘அதான் ஜெபம் பண்ணியாச்சே, இது வேறயா?’ என்று கூட வேலை செய்த ஒருவர் கேட்டாராம். ‘கேட்டதுக்குக் கர்த்தர் குடுத்த பதில்தான் இது’ என்று ஜாக்கெட்டின் வாரை இறுக்கிக் காட்டியிருக்கிறார். சுக்கான் பிடிக்கிறவரே போட்டுக்கொண்டு நிற்பதைப் பார்த்துத்தான் பயணிகளும் போடுவார்கள் என்று சொல்வார்.

வெள்ளைக் கோட்டைப் பற்றி எழுதத்தான் முக்கியமாகப் பேனாவை எடுத்தேன். பயணிப் படகின் வெளிப்பக்கத்தில், தண்ணீர் எதுவரை ஏறலாம் என்று கணக்குப் பார்த்து, தன் கையாலேயே ஒரு வெள்ளைக் கோடு போட்டிருந்தார். கோடு தண்ணீருக்கு மேலே தெரிந்தால் படகு கிளம்பும். தெரியாவிட்டால் கிளம்பாது. ஒரு விடுமுறை நாள் மாலை, நல்ல கூட்டம். படகு நிரம்பி கோடு முங்கிவிட்டது. இவர் இன்ஜினை அணைத்துவிட்டு, படகின் பின்முனையான அமரத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். கரையில் நின்ற முதலாளி கத்தினார். உள்ளே இருந்தவர்கள் திட்டினார்கள். ‘கோடு தெரியட்டும், கிளம்பிடலாம்’ என்பதற்கு மேல் இவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. அரைமணி நேரம் போனபின் பதினொரு பேர் முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார்கள். கோடு தெரிந்தது. கிளம்பினார்.

அதற்காகப் பதினைந்து நாள் அவருக்கு வேலை கொடுக்கவில்லை. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடப் பணம் கட்ட வேண்டிய நேரம் அது. இன்றைக்கு நினைத்தாலும் நெஞ்சை அறுக்கிறது: அன்றிரவு நானும் அவரைத் திட்டினேன். ஊரில் எல்லோரும் ஏற்றிக்கொண்டு போகவில்லையா, உங்களுக்கு மட்டும் என்ன வந்தது என்று கேட்டேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ‘இறங்கின பதினொரு பேரும் அடுத்த நடையில வந்தாங்க. இந்நேரம் வீட்டுல சாப்பிட்டுக்கிட்டு இருப்பாங்க’ என்றார். அவ்வளவுதான். நான் எழுந்துபோய் அவருக்குச் சாப்பாடு எடுத்து வைத்தேன்.

அந்தக் கோட்டுக்கு ஒரு வரலாறு உண்டு என்று வெகுகாலம் கழித்து மகன்தான் படித்துச் சொன்னான். பிரிட்டனில் சாமுவேல் பிளிம்சால் என்று ஒரு நாடாளுமன்ற உறுப்பினர் இருந்தாராம். அளவுக்கு மீறிச் சரக்கேற்றி, கப்பலோடு ஆட்களையும் சாகவிடுவதை எதிர்த்து விடாமல் போராடினாராம். அப்படிப்பட்ட கப்பல்களைச் சவப்பெட்டிக் கப்பல் என்றே அழைத்தார்களாம். 1876இல் கப்பலின் வெளிப்பக்கத்தில் சுமைக்கோடு போட வேண்டும் என்று அங்கே சட்டம் வந்தது. இவர் அந்தப் பெயரை மகனிடம் இரண்டு தடவை திருப்பிச் சொல்லச் சொன்னார். அன்றிரவு குடும்ப ஜெபத்தில் அந்த மனிதருக்காகக் கர்த்தருக்கு நன்றி சொன்னார். பிளிம்சால் என்று சரியாக உச்சரிக்க வரவில்லை. பிள்ளைகள் யாரும் சிரிக்கவில்லை.

எங்கள் மூன்று பிள்ளைகளும் நடக்கப் பழகியதும் அவரிடம் கற்ற முதல் பாடம், எது வலக்கரை எது இடக்கரை என்பது. ஆறு போகிற திசையைப் பார்த்து நிற்க வைத்து, ‘உன் வலது கைப்பக்கம் இருக்கிறது வலக்கரை. நீ திரும்பி நின்னாலும் ஆறு திரும்பாது’ என்பார். முழங்கால் தண்ணீர்தானே என்று ஓடுகிற நீரில் யாரையும் இறங்க விடமாட்டார். ஓட்டத்தின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளுகிற விசை நான்கு மடங்காகும் என்பது புத்தகக் கணக்கு. அவருக்கு அது காலில் தெரிந்த கணக்கு. தடுப்பணையின் கீழ்ப்பக்கம் நெருங்கவே கூடாது என்பதில் மட்டும் குரல் உயரும். விழுகிற தண்ணீர் அங்கே உருண்டு திரும்பி, சிக்கியவரைச் சுற்றிச் சுற்றி உள்ளேயே இழுத்துவிடும், நன்றாக நீந்தத் தெரிந்தவரும் வெளியே வருவது கஷ்டம். மகளை ஒரு தடவை அடித்திருக்கிறார் என்றால் அங்கே போனதற்காகத்தான். அடித்துவிட்டு அவர்தான் அழுதார்.

உலகத்தில் வருடத்துக்கு ஏறக்குறைய 3 லட்சம் பேர் நீரில் மூழ்கிச் சாகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது. அந்த எண்ணைப் படித்தபோது, தண்ணீரில் ஆட்களை ஏற்றி இறக்கிய இத்தனை வருடத்தில் ஓர் உயிரைக்கூட இழக்காத என் கணவரைத்தான் நினைத்துக்கொண்டேன். ஒன்றும் நடக்காமல் போன நாள்களை யாரும் செய்தியாக எழுதுவதில்லை. அந்த நாள்களெல்லாம் இவரைப் போன்றவர்கள் நின்று காத்தவை. ஜூலை 25ஆம் தேதியை, நீரில் மூழ்குவதைத் தடுப்பதற்கான உலக நாளாக ஐக்கிய நாடுகள் சபை 2021இல் அறிவித்திருக்கிறது. அன்றைக்காவது உங்கள் நிருபர் ஒருவரை ஏதாவது ஒரு படகுத்துறைக்கு அனுப்புங்கள். வயதான ஒரு படகோட்டியிடம், தண்ணீரை எப்படிப் பார்க்கிறீர்கள் என்று கேட்டு எழுதச் சொல்லுங்கள். அவர் சொல்லச் சொல்ல உங்கள் பக்கம் போதாது.

என் கணவரிடம் அப்படி யாரும் வந்து கேட்கவில்லை. நானும் எல்லாவற்றையும் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு மூடுபனிக் காலையில் வாசலில் நின்று எதையோ காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருப்பார். என்னவென்று கேட்க வேண்டும், கேட்க வேண்டும் என்று நினைத்தே நாள் ஓடிவிட்டது. ஆறு அவரை ஒன்றும் செய்யவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆலயத்திலிருந்து வந்து, சற்றுப் படுக்கிறேன் என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

ஆழக்கோல் வீட்டில்தான் இருக்கிறது. கூடத்து மூலையில், கூரைக்கு எட்டாதபடி கொஞ்சம் அறுத்து, நிமிர்த்திக் கட்டியிருக்கிறோம். அறுக்கச் சொன்னது அவர்தான். பேரப்பிள்ளைகளின் பிறந்தநாளுக்குப் பிறந்தநாள் அதன் பக்கத்தில் நிற்க வைத்து உயரம் பார்ப்பார். போன வாரம் சின்னவனுக்கு நான் பார்த்தேன். மூன்றாவது வெள்ளைப் பட்டையின் பாதிக்கு வந்திருக்கிறான். பென்சிலால் கோடு போட்டு, தேதி எழுதி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி