ரோஜர் ஃப்ரை: கட்டுரையில் விட்டுப்போனவை

ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் ஆங்கிலேயக் கலை விமர்சகர் ரோஜர் ஃப்ரை (1866–1934) பற்றிய கட்டுரை, லண்டன் கிராஃப்டன் காட்சிக்கூடத்தில் 1910-இல் அவர் நடத்திய ஓவியக் கண்காட்சியோடு அவர் கதையை ஏறக்குறைய முடித்துவிடுகிறது. செசானையும் வான்கோவையும் லண்டனுக்குக் காட்டியவர், அவர்களைப் போன்ற ஓவியர்களுக்கு ‘போஸ்ட் இம்ப்ரெஷனிஸ்ட்’ (இம்ப்ரெஷனிஸ்டுகளுக்குப் பிந்தையவர்கள்) என்று பெயர் வைத்தவர் என்பதெல்லாம் சரிதான். ஆனால் ஃப்ரை கேம்பிரிட்ஜில் இயற்கை அறிவியல் முடித்துத் தூரிகை எடுத்தவர். கடைசிவரை தம்மை ஓவியராகவே எண்ணியவர். அந்தக் கைவேலையைச் சொல்லாமல் அவருடைய விமர்சனத்தை விளக்க முடியாது.

1913 ஜூலையில் லண்டன் ஃபிட்ஸ்ராய் சதுக்கம் 33-ஆம் எண் வீட்டில், ஓவியர்களைக் கொண்டு வீட்டுப் பொருள்கள் செய்விக்கும் ஒமேகா பட்டறையைத் திறந்தார். ஓவியர்களுக்கு வாரம் மூன்றரை நாள் வேலை, 30 ஷில்லிங் கூலி. மிச்ச நாள்களில் அவரவர் சொந்தப் படம் வரையட்டும் என்பது ஏற்பாடு. பொருளில் யார் பெயரும் இராது, ஒமேகா (Ω) என்ற கிரேக்க எழுத்து மட்டும். வரைவதில் தேர்ந்த கைகளுக்குத் தச்சு தெரியவில்லை. நாற்காலிக் கால் கழன்றது, வார்னிஷ் வழிந்தது. மண்பாண்டத்தில் ஃப்ரை அப்படி விடவில்லை. சக்கரத்தில் வனையத் தாமே கற்றார். தென் இங்கிலாந்தின் பூல் ஊர் மண்பாண்டப் பட்டறையில் தம் பாத்திரங்களிலிருந்து அச்செடுத்து வார்க்கச் செய்தார். முதல் உலகப் போர்க்காலம் முழுவதும் தாக்குப்பிடித்த ஒமேகா 1919-இல் மூடப்பட்டது.

அவர் சறுக்கிய இடத்தையும் எழுத வேண்டும். லண்டனை அடுத்த ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் உள்ள, பதினைந்தாம் நூற்றாண்டு இத்தாலிய ஓவியர் மாந்தேன்யாவின் ‘சீசரின் வெற்றி ஊர்வலம்’ ஒன்பது பெரிய துணி ஓவியங்கள். பசையில் குழைத்த வண்ணம், வெள்ளையடித்த சுவர்போலப் பளபளப்பின்றி நிற்கும். அதன்மேல் வார்னிஷ் பூசினால் வண்ணம் அதைக் குடித்துக் கறுக்கும். ஈரம் பட்டால் பசையே இளகும். 1700-ஐ ஒட்டி லூயி லாகேர் என்ற ஓவியர் அதன்மேல் எண்ணெய் வண்ணம் தீட்டியிருந்தார். 1910-இல் அவற்றைச் செப்பனிடும் பணியேற்ற ஃப்ரை, தேய்ந்த இடங்களைத் தம் கையால் நிரப்பினார். முதல் ஓவியத்தில் மாந்தேன்யா எங்கே முடிகிறார், ஃப்ரை எங்கே தொடங்குகிறார் என்று பிரிப்பதே கடினமாயிற்று. அவருக்குப் பின்வந்தவர்கள் 1930-களில் மெழுகேற்றியது வேறு. 1962 முதல் 1974 வரை ஓவியச் சீரமைப்பாளர் ஜான் பிரீலி மேற்பூச்சுகளைப் பொறுமையாக அகற்றிய பிறகே பழைய வண்ணம் கண்ணுக்குத் தெரிந்தது. ஏழாம் ஓவியத்தில் மீட்க ஏதும் மிஞ்சவில்லை. ஃப்ரையின் அபாரமான கண்தான் இங்கே அவருக்கு வினையானது என்பது என் எண்ணம். இல்லாததையும் அவரால் காண முடிந்தது.

ஒரு சிறு திருத்தம்: நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் 1906 முதல் அவர் வகித்தது இயக்குநர் பதவி அன்று, ஓவியப் பிரிவின் காப்பாளர் பதவி. அருங்காட்சியகத் தலைவர் ஜே. பி. மார்கனோடு முரண்பட்டதில் 1910-இல் அருங்காட்சியகத்தோடு அவருடைய தொடர்பு முடிந்தது.

ஒரு வாசகர்,
கும்பகோணம்