ஜெர்கினை லிஸ்ட்ல இருந்து எடுத்துடுங்க சார்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் திருப்பூர்க்காரிங்க, இப்ப இருக்கிறது இங்கிலாந்துல லீட்ஸ்ல. வெளிநாட்டுக்குப் படிக்கப் போற பசங்க என்னென்ன எடுத்துட்டுப் போகணும்னு போன வாரம் ஒரு லிஸ்ட் போட்டிருந்தீங்க, குக்கர், பருப்புப்பொடி, ப்ளக் அடாப்டர் எல்லாம் சரிதான், ஆனா நல்ல கனமான ஜெர்கின் ஒண்ணு ஊர்லயே வாங்கிடுங்கன்னு ஒரு வரி இருந்துச்சு பாருங்க, அத படிச்சுட்டு சும்மா இருக்க முடியல. அதே தப்ப நானும் பண்ணேன். கோயமுத்தூர்ல ஒரு பெரிய கடையில 6,500 ரூபா குடுத்து தலகாணி மாதிரி புஸ்ஸுன்னு ஒண்ணு வாங்கி, பெட்டியில பாதி எடத்த அதுவே புடிச்சுக்கிச்சு, இங்க வந்து நவம்பர் காத்துல பஸ் ஸ்டாப்ல நின்னா வெறும் பனியனோட நிக்கிற மாதிரி இருக்கு. டிசம்பர்ல ஜிப்பும் புட்டுக்கிச்சு.

இங்க ஒவ்வொரு ஊர்லயும் கடைவீதியில சாரிட்டி ஷாப்னு இருக்கும். ஜனங்க வேண்டாம்னு குடுக்கிற துணி, புஸ்தகம், கப்பு சாஸர் எல்லாம் வித்து கேன்சர் ஆராய்ச்சிக்கோ, கடைசி காலத்துல இருக்கிற நோயாளிங்கள பார்த்துக்கிற ஹாஸ்பைஸுக்கோ குடுப்பாங்க, பாதிப் பேரு சம்பளம் வாங்காம வந்து நிக்கிற ரிட்டயர்டு ஆளுங்க. ஆக்ஸ்ஃபாம்ங்கிற தொண்டு நிறுவனம் 1940கள் கடைசியில ஆக்ஸ்ஃபோர்டு பிராட் ஸ்ட்ரீட்ல ஆரம்பிச்ச கடை இன்னிக்கும் நடக்குது. அதுல ஒரு சூட்சுமம் உண்டு, வசதியான ஆளுங்க இருக்கிற ஊருக்குப் போகணும், ஏன்னா அவங்க கழிச்சுப் போடுறதும் நல்லதாத்தான் இருக்கும். அப்படித்தான் ஜனவரியில ஒரு சனிக்கிழமை லீட்ஸ்ல ட்ரெயின் ஏறி இல்க்லிக்குப் போனேன், அரை மணி நேரந்தான்.

மொத மூணு கடையில ஒண்ணுமில்ல. உண்மையச் சொன்னா முக்காவாசி நாள் ஒண்ணும் கிடைக்காதுங்க, ரெண்டு தடவ துவைச்சா பல்லிளிக்கிற பாலியஸ்டர் டாப்பா தொங்கும், அதுல சிலது புதுசு விலையவிட ஜாஸ்தி போட்டிருப்பாங்க. நாலாவது கடையில கடைசி ராக்குல, மழைக்கோட்டுங்களுக்கு நடுவுல கைய விட்டு தள்ளிக்கிட்டே போறேன், கண்ணு பாக்கிறதுக்கு முன்னாடி கை சொல்லிடுச்சு. வழவழப்பெல்லாம் இல்ல, சொரசொரன்னு, கனமா, கோணியும் கம்பளியும் கலந்த மாதிரி. இழுத்துப் பார்த்தா முழங்காலுக்குக் கொஞ்சம் கீழ வரைக்கும் வர்ற லேடீஸ் கோட்டு, தோல்ல பின்னின பட்டன், ஒவ்வொண்ணும் குட்டி ஃபுட்பால் மாதிரி.

நான் கல்யாணத்துக்கு முன்னாடி நாலு வருஷம் எக்ஸ்போர்ட் கம்பெனியில செக்கிங்ல இருந்தவ. டேபிளுக்கு பீஸ் வந்தா நாங்க மொதல்ல உள்பக்கந்தான் திருப்புவோம், மேல பார்க்கிறது கஸ்டமர் வேல. திருப்பினேன். உள்ளுக்குள்ள லேபிள்ல உலக உருண்டை, அதுக்கு மேல சிலுவை, ஹாரிஸ் ட்வீட்ங்கிற பேர் போன கம்பளித் துணி. படபடன்னு நெஞ்சு அடிச்சுக்குச்சுங்க, எங்கூர் காதர்பேட்டையில, பழுதுன்னு கழிச்ச செகண்ட்ஸ் குவியல்ல ஒரு பழுதும் இல்லாத பீஸ் கிடைச்சா வருமே ஒரு சந்தோஷம், அதுக்குப் பத்து மடங்கு.

அந்த முத்திரை சும்மா வராதுங்க. ஸ்காட்லாந்துக்கு மேற்கால கடலுக்குள்ள அவுட்டர் ஹெப்ரிடீஸ்னு தீவுங்க இருக்கு, லூயிஸ், ஹாரிஸ், பாரா எல்லாம் அதுல சேர்த்தி. அங்கேயே சாயம் போட்டு நூத்த புதுக் கம்பளி நூல, அந்தத் தீவுக்காரங்க அவங்கவங்க வீட்டுலயே கையாலயோ மிதியாலயோ ஓட்டற தறியில நெய்யணும், கரண்டுத் தறி கூடாது. இதுக்குன்னே 1993ல பார்லிமென்ட்ல தனிச் சட்டம் போட்டிருக்காங்க. ஒரு துணிக்கு ஒரு சட்டம்! நம்ம சென்னிமலைப் போர்வைக்கு யாராச்சும் இப்படிப் பண்ணா தேவலை.

தூரத்துல பார்த்தா வெறும் சாம்பல் கலரு. ஜன்னல்கிட்ட கொண்டுபோய் கிட்ட வச்சுப் பார்த்தா துருப்புடிச்ச ஆரஞ்சு, பாசிப்பச்சை, நீலம், ஒரே இழையிலயே அத்தனையும் இருக்கு, ஏன்னா நூலாக்குறதுக்கு முன்னாடி பஞ்சா இருக்கும்போதே சாயம் போட்டு அப்புறம் கலந்து நூக்கிறாங்க. பாக்கெட் வச்ச எடத்துல கோடு கோடா போற டிசைன் ஒரு நூல் கூட தள்ளிப்போகாம உடம்புத் துணியோட சேருது, லைனிங்ல முதுகுப்பக்கம் கைய வீசினா கிழியாம இருக்க ஒரு மடிப்பு விட்டிருக்கு. இந்த மாதிரி தைச்சா இன்னிக்கு எந்த பையரும் அந்த ரேட்டு குடுக்க மாட்டான். இடது அக்குள்கிட்ட லைனிங் விட்டிருந்தத யாரோ கையால தைச்சிருக்காங்க, லைனிங் பழுப்பு, நூலு கருநீலம். கலரு சேரல, ஆனா தையல் ஒவ்வொண்ணும் ஒரே அளவு. அத ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டே நின்னேன்.

அதுக்குள்ள பின்னாடி ஒரு அம்மா என் கையில இருக்கிறதயே பார்த்துக்கிட்டு நகராம நிக்கிறாங்க. நான் விடுவேனா. கோட்டப் புடிச்ச கைய எடுக்காமயே வெளிச்சத்துல தூக்கி அந்து அரிச்ச ஓட்டை இருக்கான்னு பார்த்தேன், அக்குள மோந்து பார்த்தேன் (வெக்கப்படக் கூடாது), பாச்சை உருண்டை வாசம் மட்டுந்தான். போட்டுப் பார்த்தா தோள்பட்டை கரெக்ட்டா உக்காந்துச்சு. பசங்களுக்குச் சொல்றேன், கை நீளமா இருந்தா வெட்டிக்கலாம், உடம்பு லூஸா இருந்தா புடிச்சுக்கலாம், தோள்பட்டை சரியில்லைன்னா எவ்வளவு சல்லிசா கிடைச்சாலும் வச்சுட்டு வந்துடுங்க.

சீட்டுல 18 பவுண்டு. நம்ம காசுக்கு ரெண்டாயிரம் சொச்சம். இதே புதுசு பல நூறு பவுண்டு ஆகும், சிட்டிக்குள்ள விண்டேஜ்னு போர்டு மாட்டின கடைக்குப் போயிருந்தா இந்தப் பழசே கண்டிப்பா மூணு நாலு மடங்கு. கல்லாவுல இருந்த பாட்டி "எய்ட்டீன் பவுண்ட்ஸ், லவ்"ன்னாங்க, இந்தப் பக்கமெல்லாம் எல்லாரையும் லவ்னு தான் கூப்பிடுவாங்க, நம்மூர்ல கண்ணுங்கற மாதிரி. பதினஞ்சுக்குக் குடுங்கன்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துடுச்சு, பழக்கதோஷம். ஹாஸ்பைஸுக்குப் போற காசுன்னு முழுங்கிட்டேன். அப்புறம் ட்ரை கிளீனிங்குக்குக் கேட்டா 20 பவுண்டாம், கோட்டே 18! பால்கனியில ரெண்டு நாள் காத்தாட விட்டு ஆவியில அயர்ன் பண்ணிக்கிட்டேன், பாச்சை உருண்டை வாசம் மட்டும் மார்ச் வரைக்கும் இருந்துச்சு.

குறையும் சொல்லிடறேன். நல்ல மழையில நனைஞ்சா ஈரச் சாக்க சுமக்கிற மாதிரி கனக்கும், காய ரெண்டு நாளாகும், லீட்ஸ்ல மழைக்குக் கேக்கவே வேண்டாம். குளுரு காத்துக்குத்தான் இது ராஜா, மழைக்குக் குடை தான்.

அடுத்தவங்க போட்டத போடுறதான்னு ஒரு பேச்சு வரும்னு எனக்குத் தெரியும். செத்தவங்களோடதா கூட இருக்கலாம், இங்க வீட்டுல பெரியவங்க போயிட்டா பீரோவ காலி பண்ணி மூட்டை மூட்டையா இந்தக் கடைகளுக்குத்தான் குடுப்பாங்க. நானும் மொத நாள் ராத்திரி யோசிச்சேன். விக்காம போறதுல எத்தனையோ கப்பல் ஏறி நம்ம பானிபட்டுக்குத்தான் போகுது, அங்க பட்டன் லேபிளெல்லாம் வெட்டிட்டு மெஷின்ல கிழிச்சுப் பஞ்சாக்கி போர்வை நெய்யறாங்க. அந்த வித்தையே எங்க பக்கத்து ஊர் பேட்லியில 1813ல பெஞ்சமின் லான்னு ஒருத்தர் கண்டுபுடிச்சதுதான். பாவம்னு சொல்ல மாட்டேன், பழங்கம்பளிக்கு அது நல்ல வழிதான், ஆனா அந்தக் கருநீலத் தையல் போட்ட கோட்டு கிழிபடறத என்னால நெனைச்சுப் பார்க்க முடியல.

அதனால அடுத்த தடவ லிஸ்ட் போடும்போது ஜெர்கின அடிச்சுட்டு, உள்ள போடுற தெர்மல் ரெண்டு செட்டுன்னு போடுங்க, அது திருப்பூர்லயே நல்லதா கிடைக்கும். கோட்டுக்கு வச்ச காச கையில எடுத்துட்டு வரச் சொல்லுங்க. பழைய துணின்னா லேபிள பார்க்கச் சொல்லுங்க, செயின்ட் மைக்கேல்னு இருந்தா அது மார்க்ஸ் அண்டு ஸ்பென்சர் 2000 வரைக்கும் போட்ட பேரு, அதுலயும் நல்ல கம்பளிக் கோட்டு நெறைய வரும்.

ஒரே ஒரு வேண்டுகோள், இத போட்டீங்கன்னா என் பேரு வேண்டாங்க. எங்கம்மா உங்க பேப்பர காலையில காப்பியோட ஒரு வரி விடாம படிப்பாங்க, வீடியோ கால்ல கோட்டப் பார்த்துட்டு கேட்டதுக்கு இங்க ஒரு பெரிய கடையில ஆடித்தள்ளுபடி மாதிரி ஆஃபர்னு சொல்லி வச்சிருக்கேன்.

இப்படிக்கு,
லீட்ஸ்ல இருந்து ஒரு திருப்பூர் வாசகி