கடவுச்சீட்டைப் போலக் கைபேசியும் அவர்கள் கையில் இருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போகும் நம் பெண்களின் கைபேசி பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். இப்போது எங்கள் வீட்டிலேயே ஒன்று நடந்துவிட்டது.

என் அம்மா 1993 இல் குவைத்துக்குப் போனா. அப்போது பெரியகல்லாற்றில் எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டிலும் ரெலிபோன் இல்லை. கடிதம் வந்துசேர மூன்று வாரம், சில வேளை ஒரு மாதம். சண்டையால் பாதை பூட்டினால் அதுவும் இல்லை. லீவில் ஊருக்கு வருபவர்களிடம் அம்மா கசெற்றில் பேசிக் கொடுத்துவிடுவா. ஒரு கசெற்றில் அவ பேசிக்கொண்டிருக்கும்போதே பின்னால் ஒரு குழந்தை அழும். "கொஞ்சம் பொறு மனே, வாறன்" என்று அம்மா அந்தக் குழந்தையிடம் சொல்வது கேட்கும், அப்புறம் டக்கென்று நின்றுவிடும். நான்கு வயது என் தம்பி, "ஆர்ர புள்ள அது?" என்று கேட்டான். அதன் பிறகு அந்த இடம் வந்தால் அப்பா பட்டனை அழுத்தி வேகமாக ஓட்டிவிடுவார்.

2004 டிசம்பர் 26 அன்று கடல் வந்தபோது அண்ணன் கட்டாரில் இருந்தார். நாங்கள் உயிரோடு இருக்கிறோம் என்பது அவருக்குத் தெரிய ஐந்து நாள் ஆனது. அதுவரை தொலைக்காட்சியில் வந்த ஒவ்வொரு படத்திலும் எங்கள் முகத்தைத் தேடியதாக இன்றும் சொல்வார்.

இன்று நிலைமை வேறு. குவைத்தில் இரவு பத்து மணிக்கு வேலை முடிகிறது என்றால் இங்கே பன்னிரண்டரை. அந்த நேரத்துக்கும் விளக்கைப் போட்டுக்கொண்டு இமோவிலோ வாட்ஸ்அப்பிலோ தாயின் முகம் பார்க்கக் காத்திருக்கும் பிள்ளைகள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். பாடக் கொப்பியைக் கமராவுக்கு முன்னால் பிடித்துக் காட்டுகிறார்கள். எங்களுக்குக் கிடைக்காத தாய் இவர்களுக்குக் கொஞ்சமாவது கிடைக்கிறாள்.

ஆனால் இந்தத் தொடர்பு ஒரு நொடியில் அறுந்துபோகக்கூடியது. 2019 ஏப்ரல் 21 அன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்த அன்றே சமூக வலைத்தளங்களை அரசு முடக்கியது. வாட்ஸ்அப்பும் வைபரும் வேலை செய்யவில்லை. வெளிநாட்டில் இருந்தவர்களுக்கு வீட்டாரின் குரல் மிகவும் தேவைப்பட்ட நாட்கள் அவை. வெளியிலும் நாட்டுக்கு நாடு சட்டம் வேறு. சவூதி 2017 இல் இணைய அழைப்புகளைத் திறந்துவிட்டது. துபாயிலோ வாட்ஸ்அப்பில் எழுதலாம், குரல் பதிவு அனுப்பலாம், அழைக்க முடியாது. போட்டிம் போன்ற அனுமதி பெற்ற செயலி வேண்டும். இதைத் தெரியாமல் போய் இறங்கும் பிள்ளை முதல் வாரம் முழுவதும் தவித்துப்போகும்.

எல்லாவற்றையும் விடப் பெரிய தடை வேலை செய்யும் வீட்டின் உள்ளே இருக்கிறது. அக்காவின் மகள் போன வருடம் சவூதிக்குப் போனாள். போன அன்றே வீட்டுக்காரி கைபேசியை வாங்கி வைத்துவிட்டா. மூன்று வாரம் ஒரு சொல் இல்லை. அனுப்பியவர்களிடம் கேட்டால், "சுகமாத்தான் இருக்கிறா, பயப்பட வேண்டாம்" என்பதே பதில். அக்கா சாப்பாட்டுக் கோப்பையை வைத்துக்கொண்டு அப்படியே இருந்துவிடுவா. இப்போது வெள்ளிக்கிழமைகளில் அரை மணித்தியாலம் கைபேசி கொடுக்கிறார்கள். பக்கத்தில் யாரோ நிற்கிறார்கள் என்பது பிள்ளையின் கண்ணிலேயே தெரிகிறது.

சர்வதேச தொழில் அமைப்பின் 2011 ஆம் ஆண்டின் 189 ஆம் இலக்கச் சமவாயம், கடவுச்சீட்டை வீட்டுப் பணியாளரே வைத்திருக்க உரிமை உண்டு என்கிறது. கைபேசிக்கும் அதே உரிமை வேண்டும். கைபேசி பணியாளரிடமே இருக்கும், ஓய்வு நேரத்தில் வீட்டு வைஃபையைப் பாவிக்கலாம் என்ற இரண்டு வரிகளை வேலை ஒப்பந்தத்தில் சேர்க்க வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் முன்வர வேண்டும். அதை மறுக்கும் வீட்டுக்கு நம் பிள்ளைகளை ஏன் அனுப்ப வேண்டும்? போகும் முன் நடக்கும் பயிற்சியில் சலவை இயந்திரத்தைப் பழக்குவது போல, எந்த நாட்டில் எந்தச் செயலி வேலை செய்யும், இருக்கும் இடத்தை எப்படி அனுப்புவது என்பதையும் பழக்கலாம்.

இன்னொன்றும் உண்டு. அந்த மூன்று வாரத்தில் ஒருநாள் பக்கத்து வீட்டுப் பணிப்பெண் ஒருத்தி தன்னுடைய போனை எங்கள் பிள்ளையிடம் கொடுத்திருக்கிறாள். ஆனால் இவளுக்குத் தாயின் இலக்கம் பாடமில்லை. எல்லாம் பறித்து வைத்த போனுக்குள் இருந்தது.

அடுத்த மாதம் எங்கள் ஒழுங்கையில் இருந்து இன்னொரு பிள்ளை குவைத்துக்குப் போகிறாள். அவளுடைய துணிப்பையின் உள்பக்கத்தில் மூன்று தொலைபேசி இலக்கங்களை அவளுடைய தாய் சிவப்பு நூலால் தைத்துக்கொண்டிருக்கிறா.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பெரியகல்லாறு, மட்டக்களப்பு.