மாடத்தில் இருந்த தம்ளர்

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்கு முட்டிவலி கொஞ்சம் தேவலை. ஞாயிற்றுக்கிழமை போனில் நீ வேகமாகப் பேசினாய், எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

உங்கள் சியாட்டிலில் 2023 பிப்ரவரியில் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்து சட்டம் போட்டார்களே, அமெரிக்காவிலேயே அப்படிச் செய்த முதல் நகரம் அதுதானாமே, அது இன்னும் உனக்கு உறுத்துகிறது. "நான் யாரையும் சாதி கேட்டதில்லைம்மா. படிச்சேன், மார்க் வாங்கினேன், வந்தேன். என்னை ஏன் குற்றவாளி மாதிரி பார்க்கணும்?" என்றாய்.

கேட்டதில்லை, சரி. கேட்க வேண்டிய தேவை உனக்கு வந்ததே இல்லை. மதுரையில் நீ வாடகைக்கு அறை எடுத்தபோது வீட்டுக்காரர் ஊரைக் கேட்டார், தெருவைக் கேட்டார். நீ சொன்னாய், சாவியைக் கொடுத்தார். அதே கேள்விக்கு இன்னொரு பையன் என்ன பதில் சொல்லியிருப்பான் என்று அன்றைக்கு நானும் யோசிக்கவில்லை.

மார்க் நீ வாங்கியதுதான். ஆனால் கவுன்சிலிங்கில் நீ சேர்ந்தது பி.சி. இடத்தில். அந்தச் சான்றிதழுக்காக அப்பா தாலுகா ஆபீசுக்கு மூன்று நாள் அலைந்தார். அதில் தப்பில்லை, நமக்கு உரியது. ஆனால் அதே 69 சதவீத இட ஒதுக்கீட்டுக்குள் எஸ்.சி.க்கு 18 என்றால் மட்டும் உன் வாயில் அது 'கோட்டா' ஆகிவிடுகிறது.

மாட்டுக்கொட்டகைச் சுவரில் ஒரு மாடம் இருந்தது, ஞாபகம் இருக்கிறதா? அதில் ஓர் அலுமினியத் தம்ளர், நெளிந்து, விளிம்பு கறுத்துப்போய். வேலைக்கு வந்த பெரியவருக்கு. அவரே எடுப்பார், அவரே கழுவிக் கவிழ்த்து வைப்பார். நான் சொம்பை உயரத் தூக்கி, தம்ளரில் படாமல் காப்பி ஊற்றுவேன். சிந்தாமல் ஊற்றுவதில் எனக்குப் பெருமைகூட. உனக்கு அப்போது ஆறு வயது. உன் தாத்தாவைவிட மூத்தவரைப் பேர் சொல்லி "வாடா" என்பாய். "இந்தா வந்துட்டேன் சின்னய்யா" என்று ஓடி வருவார். நாங்கள் சிரித்தோம். உனக்கு அதை யாரும் சொல்லித்தரவில்லை. கண்டிக்கவும் இல்லை.

அவர் பேரன் உன் வகுப்புதான். எட்டாவதோடு நின்றான். நீ டியூஷன் போன சாயங்காலங்களில் அவன் மேய்த்தது நம் மாடுகளை.

அந்தத் தம்ளரை நான் தூக்கிப் போட்டேன் என்று எழுத ஆசைதான். அப்படி நடக்கவில்லை. டிராக்டர் வந்தது, மாடுகளை விற்றோம், பெரியவர் வருவது நின்றது. தம்ளரும் எங்கோ போனது.

என் அப்பா அடிக்கடி மீனாட்சி கோயில் கதை சொல்லுவார். 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத அய்யர், அதுவரை கோயிலுக்குள் விடப்படாத சாதிகளைச் சேர்ந்த கக்கன் உள்ளிட்டவர்களை அழைத்துக்கொண்டு உள்ளே போனார். அய்யருக்கு அந்தக் கதவு எப்போதும் திறந்துதான் இருந்தது, சும்மா இருந்திருக்கலாம். (ஊரில் அய்யர் பெயரைத்தான் பெரிதாகப் பேசுவார்கள். அன்றைக்கு அடி விழுந்திருந்தால் முதலில் யார் மேல் விழுந்திருக்கும் என்று எனக்குத் தோன்றும்.) உங்கள் ஊர்ச் சட்டத்தைக் கொண்டுவந்த க்ஷமா சாவந்தும் பிராமணக் குடும்பத்தில் பிறந்தவர்தான். 'என்னைக் குற்றவாளி ஆக்குகிறார்கள்' என்று அவர் முறுக்கிக்கொள்ளவில்லை.

போன மாதம் அந்தப் பேரன் வீடு கட்டிப் பால் காய்ச்சினான். போனேன். எவர்சில்வர் தம்ளரில் காப்பி வந்தது. அவன் அம்மா என் கையில் கொடுக்கவில்லை, ஸ்டூலில் வைத்துவிட்டு நகர்ந்துகொண்டாள். குடித்தேன். சாப்பிடக் கூப்பிட்டார்கள். வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வயிற்றுக்கு ஒன்றும் இல்லை தம்பி. இந்த வயதிலும் அந்த இலை முன்னால் உட்கார எனக்கு வரவில்லை.

அப்புறம் ஒன்று. உங்கள் ஆபீஸ் சாப்பாட்டு மேசையில், புதிதாக வந்த நம் பக்கத்துப் பையனிடம் யாரோ "மதுரையில எங்கே, எந்தத் தெரு?" என்று துருவித் துருவிக் கேட்டதாகவும், அவன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டதாகவும் சிரித்துக்கொண்டே சொன்னாயே. நீயும் அந்த மேசையில்தான் இருந்திருக்கிறாய். நீ என்ன சொன்னாய் என்று சொல்லவில்லை. வருகிற ஞாயிறு கூப்பிடும்போது அதைச் சொல்.

அன்புடன்,
அம்மா