விடுதி இல்லாத ஊர்களுக்குப் போ, அக்கா

அன்புள்ள அக்காவுக்கு,

அத்தான் பணி ஓய்வு பெற்றதும் நீங்கள் இருவரும் பெங்களூருக்கு வந்து, இங்கே ஒரு கேரவனை வாடகைக்கு எடுத்துக்கொண்டு கர்நாடகத்தைச் சுற்றிப் பார்க்கப் போவதாக எழுதியிருந்தாய். கூடவே நீ அனுப்பிய பட்டியலை இவரும் நானும் உட்கார்ந்து படித்தோம். இதே யோசனையோடு அல்சூரில் எங்களுக்குத் தெரிந்தவர்கள் சிலரும் வழி கேட்டுக்கொண்டிருப்பதால், உனக்கான பதிலை எல்லோரும் படிக்கும்படி திறந்த கடிதமாகவே எழுதிவிடுகிறேன். வண்டி நல்ல யோசனை; பட்டியல்தான் அந்த வண்டிக்குப் பொருந்தவில்லை.

மைசூர், ஹம்பி, மடிக்கேரி என்று நீ எழுதியிருக்கும் ஊர்களில் எல்லா விலையிலும் விடுதிகள் இருக்கின்றன. கேரவனுக்கு நாள் வாடகை, டீசல், ஓட்டுநர் படி என்று கொடுத்துவிட்டு, அத்தகைய ஊரில் அதை நிறுத்த இடம் தேடி நெரிசலில் அலைவதைவிட, ஒரு காரை அமர்த்திக்கொண்டு அறை எடுத்துத் தங்குவது எவ்வளவோ மேல். பார்ப்பதற்கு அருமையான ஒன்று இருந்தும், இரவு தங்க ஒரு நல்ல அறை கிடைக்காத காரணத்தால் எல்லோரும் நண்பகல் வெயிலில் வந்து அவசரமாகப் பார்த்துவிட்டுத் திரும்புகிற சிற்றூர்களில்தான் கேரவன் வாங்கிய வாடகைக்கு ஈடு செய்கிறது. கூட்டம் போன பிறகான மாலையும், கூட்டம் வருவதற்கு முந்தைய காலையும் அங்கே உங்களுக்குச் சொந்தம்.

மைசூருக்குப் போகும் பழைய சாலையிலிருந்து தொடங்குங்கள். 2023இல் திறந்த விரைவுச்சாலை பிடதி, ராமநகரம், சென்னபட்டணம், மத்தூர் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு ஓடுகிறது. அதில் போனால் நேரம் மிச்சமாகும், ஊர் ஒன்றும் கண்ணில் படாது. பிடதியில் தட்டு இட்லியும் மத்தூரில் வடையும் சாப்பிட வேண்டும் என்று உனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. சென்னபட்டணத்தில் மட்டும், சாலையோரக் கடையில் பொம்மையை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடாமல், பட்டறை ஒன்றில் சற்று நேரம் நின்று பார். வெப்பாலை மரத்துண்டைக் கடைசல் இயந்திரத்தில் பொருத்திச் சுழலவிட்டு, வண்ண அரக்குக் குச்சியை அதன்மேல் அழுத்துகிறார்கள். உராய்வின் சூட்டிலேயே அரக்கு உருகி மரத்தில் ஏறிக்கொள்கிறது. தாழை ஓலையால் தேய்த்ததும் மினுமினுப்பு வந்துவிடுகிறது. தூரிகைக்கே வேலை இல்லாத அந்தச் சாயப்பூச்சைப் பார்த்துக்கொண்டு அத்தான் அங்கேயே நின்றுவிடுவார் என்பது என் ஊகம்.

அடுத்தது மளவள்ளி வழியாகச் சிவனசமுத்திரம். ககனசுக்கி, பரசுக்கி என்ற இரண்டு அருவிகளைப் பார்க்கத்தான் எல்லோரும் வருகிறார்கள். நீங்கள் பள்ளத்தாக்கின் அடியில் இருக்கும் மின் நிலையத்தையும் மேலிருந்தாவது பாருங்கள். 1902இல் இங்கே பிறந்த மின்சாரம் ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கம்பி வழியே முதன்முதலில் போய்ச் சேர்ந்தது, கோலார் தங்கச் சுரங்கங்களுக்கு. பெங்களூரின் தெருவிளக்குகளுக்கு அது 1905இல்தான் வந்தது. இந்தத் திட்டத்துக்குப் பின்னால் நின்ற மைசூர் திவான் சேஷாத்ரி ஐயர், பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். 1901இலேயே இறந்துவிட்டதால், அந்த மின்சாரம் ஓடியதைப் பார்க்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைக்கவில்லை.

அங்கிருந்து தலக்காடு அதிக தூரமில்லை. சோழர் ஆட்சியில் ராஜராஜபுரம் என்று வழங்கிய ஊர் அது. ஹொய்சள மன்னன் விஷ்ணுவர்த்தனன் சோழர்களிடமிருந்து அதைக் கைப்பற்றிய பிறகு எழுப்பிய கீர்த்தி நாராயணர் கோயில், மணலைத் தோண்டி மீட்கப்பட்ட பள்ளத்தில் நிற்கிறது. காவிரி வளையும் இடத்தில் சேர்ந்த மணலைக் காற்று கொண்டுவந்து கோயில்களை மூடியது என்பது ஒரு விளக்கம். 'தலக்காடு மணலாகட்டும்' என்று ஸ்ரீரங்கப்பட்டணத்தை ஆண்டவரின் மனைவி அலமேலம்மா இட்ட சாபம் என்பது ஊரார் சொல்வது. நீ எதை நம்பினாலும், வெறுங்காலில் நடக்க வேண்டிய அந்த மணல் நண்பகலில் சுடும் என்பதால், மாலையில் போய் இரவு ஊரிலேயே தங்கிக்கொள்ளுங்கள்.

மறுநாள் காலை, கதவு திறக்கும் நேரத்துக்குச் சோமநாதபுரம். 2023இல் பேலூர், ஹளேபீடுடன் சேர்த்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற ஹொய்சளக் கோயில் இதுதான். இங்கே சுவரைச் சுற்றிய சிற்பங்கள் பெரும்பாலும் கண்ணுக்கு எட்டும் உயரத்தில் இருக்கின்றன. சிற்பங்களின் பீடத்தில் 'மல்லிதம்மா' என்ற பெயர் கன்னட எழுத்தில் திரும்பத் திரும்ப வருவதைத் தேடிப் பார். அரசனுடைய பெயரோடு தன் பெயரையும் கல்லில் விட்டுச்சென்ற சிற்பி அவர். நேரமிருந்தால் மேல்கோட்டைக்கும் போய்வரலாம். ராமானுஜர் வாழ்ந்த மலையூர், புளியோதரை கிடைக்கும், அக்கா, தங்கை என்று பெயர் வைத்த இரட்டைக் குளங்களும் உண்டு, நாம் சேர்ந்து பார்க்கலாம் என்று நான் அதை விட்டுவைத்திருக்கிறேன்.

இனி வண்டியைப் பற்றி. படப்பிடிப்பில் நடிகர்கள் உட்காரும் கேரவனா என்று கேட்டிருந்தாய். ஏறக்குறைய அதுதான், இரண்டு படுக்கை, சிறிய அடுப்படி, கழிவறை, மேலே தண்ணீர்த் தொட்டி. மின்கலத்தில் விளக்கும் மின்விசிறியும் ஓடும், குளிரூட்டிக்கு வெளியிலிருந்து மின்சாரம் வேண்டும் அல்லது ஜெனரேட்டர் வேண்டும். ஜெனரேட்டர் சத்தத்தோடு ஓர் அமைதியான ஊரில் இரவைக் கழிப்பது அந்த ஊருக்கு நாம் செய்யும் அநியாயம் என்பதால், குளிர்காலத்தில் வந்து குளிரூட்டியை மறந்துவிடுங்கள். கழிவுத் தொட்டியை எங்கே காலி செய்வது என்பதை உரிமையாளரிடம் கிளம்பும் முன்பே தெளிவாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். வெளிநாடுகளில் அதற்கென்றே அமைத்த நிலையங்கள் இருக்கின்றன. நம் சாலைகளில் அவற்றை எதிர்பார்க்க முடியாது. வயல் வாய்க்காலில் திறந்துவிடலாம் என்று யாராவது சொன்னால் அந்த வண்டியே வேண்டாம். இரவு நிறுத்துவதற்குப் பெட்ரோல் பங்கிலோ, சுற்றுலாத் துறை விடுதி வளாகத்திலோ, கோயில் நிர்வாகத்திடமோ கேட்டு அனுமதி வாங்கிக்கொண்டால் தொல்லை இல்லை. வண்டியின் உயரத்தை ஒரு தாளில் எழுதிக் கண்ணாடியில் ஒட்டிவையுங்கள். ரயில் பாதைக்கு அடியில் போகும் சாலைகள் சிலவற்றில் அது நுழையாது.

ஓட்டுநருக்குப் படுக்க எங்கே இடம் என்று யாரும் கேட்பதில்லை, நீ கேள். நாள் முழுக்க ஓட்டியவரை முன் இருக்கையில் மடங்கிப் படுக்கவைத்துவிட்டு உள்ளே மெத்தையில் நாம் தூங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. அவருக்கு அறை எடுக்கும் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பயணத்தின் முடிவில் கோலார் தங்கவயலுக்குப் போங்கள். சிவனசமுத்திரத்து மின்சாரம் எந்த வேலைக்காகப் போனதோ, அந்த ஊரையும் பார்த்தால்தான் பாதை முழுமையாகும். வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் போன நம் ஆட்கள், தலைமுறை தலைமுறையாக மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் இறங்கிப் பொன் எடுத்த ஊர் அது. வழி கேட்க உனக்குத் தமிழே போதும். 2001 பிப்ரவரியில் சுரங்கங்கள் மூடப்பட்டன. இன்று மாரிக்குப்பத்திலிருந்து கிளம்பும் ரயிலில் ஏராளமானோர் தினமும் வேலைக்காகப் பெங்களூருக்கு வந்துபோகிறார்கள். சுரங்கத்துக்குள் போக முடியாது. பொன்னைப் பிரித்த பிறகு கொட்டிய மண் குன்றுகளாக நிற்பதையும், இயங்காத சுரங்கக் கோபுரங்களையும் வெளியிலிருந்தே பார்க்கலாம். அந்தக் குன்றுகளை ஊரில் சயனைடு மேடு என்கிறார்கள்; மழைக்கும் காற்றுக்கும் கரைந்து வீடுகளுக்கு வரும் மண் அது, ஏறிப் படம் எடுக்க வேண்டாம். தொழிலாளர் குடியிருப்புகளின் வாசலில் கேமராவை நீட்டாமல், ராபர்ட்சன்பேட்டைக் கடைத்தெருவில் தேநீர் வாங்கிக்கொண்டு பெரியவர் ஒருவரிடம் பேச்சுக் கொடு, போதும்.

பக்கத்திலேயே கம்மசந்திரத்தில் கோடிலிங்கேசுவரர் கோயில் இருக்கிறது. 108 அடி உயர லிங்கத்தைச் சுற்றிக் கணக்கில்லாத சிறு லிங்கங்கள். பணம் கட்டினால் உங்கள் பெயரிலும் ஒன்று வைப்பார்கள். கலையழகு என்று நான் வாதாட மாட்டேன். ஆனாலும் அத்தானுக்கு நிச்சயம் பிடிக்கும், நீயும் சிரித்துக்கொண்டே கும்பிடுவாய்.

டிசம்பரா ஜனவரியா என்பதை மட்டும் முடிவு செய்து எழுது. பொங்கல் வாரம் வேண்டாம், அப்போது வாடகை ஏறிவிடும். தேதி தெரிந்தால், வண்டிக்காரரிடம் கழிவுத் தொட்டி, ஓட்டுநர் அறை இரண்டையும் பேசிவிட்டு முன்பணத்தை இவரே கட்டிவிடுவார்.

அன்புடன்,
தங்கை
அல்சூர், பெங்களூரு